செக்ரடேரியட்டும் உஷா உதுப்பும்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, வீடே கப்சிப்னு இருக்கு. டிவி ஓடல. தங்கமணி சமையல்கட்டுல பாத்திரத்தோட சண்டை போட்டுட்டு இருந்தாங்க. அப்பா பால்கனியில நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ரோட்டுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தார். சின்னவ கட்டில்ல குப்புறப் படுத்திருந்தா. ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாத்தல.

விஷயம் இதுதான். ஸ்கூல் ஆனுவல் டேக்கு கோரஸ் பாட்டு. இவளும் பேர் குடுத்திருக்கா. ரெண்டு வாரம் பிராக்டிஸ் முடிஞ்சப்புறம், பாட்டு மிஸ் தனியாக் கூப்பிட்டு, "உன் குரல் ரொம்பத் தடியா இருக்கு, மத்தவங்களோட சேரல. நீ பின்வரிசையில நின்னு வாயை மட்டும் அசைச்சாப் போதும்"னு சொல்லிட்டாங்க. பதினோரு வயசுப் பொண்ணுகிட்ட. அதுவும் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களாம்.

குரல் கொஞ்சம் கனம்தான், இல்லேங்கல. போன்ல பேசினா என் தம்பியே "டேய், அண்ணனைக் கூப்புடு"ன்னு சொல்லியிருக்கான். நாங்களும் சிரிச்சிருக்கோம். அன்னிக்கு ராத்திரிதான் அந்தச் சிரிப்பு எல்லாம் தொண்டையில வந்து நின்னுச்சு.

"ஸ்கூலுக்குப் போய் ஒரு வார்த்தை கேளுங்க"ன்னு தங்கமணி. "பேசாம விட்டுடலாம், சின்ன விஷயம்"னு நான். ரெண்டு பேரும் மல்லுக்கட்டிட்டு இருக்கும்போது பால்கனியில இருந்து அப்பா குரல் வந்துச்சு.

"செக்ரடேரியட்டே மொத ரேஸ்ல நாலாவதாத்தாம்மா வந்தான்."

தங்கமணிக்கு ஒண்ணும் புரியல. "செக்ரடேரியட்ல யாரு மாமா? உங்க ஃப்ரெண்டா?"

எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சதும் பழைய கோவம் ஒண்ணு சுள்ளுனு ஏறுச்சு. இந்த வீட்டுல அந்தப் பேரைக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்குப் பெரம்பூர்ல ரயில்வே வேலை. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. லீவு நாள்ல ரேஸ் இருந்தாப் போச்சு. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்ல ரேஸ் புக், காதுல சொருகின பென்சில். சென்ட்ரல்ல இறங்கி, எதிர்த்தாப்பல பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயில் பிடிச்சு கிண்டி. ஜெயிச்சுட்டு வந்தா கையில பக்கோடா பொட்டலம் இருக்கும், தெருமுனையில இருந்தே செருப்புச் சத்தம் கேக்கும். தோத்துட்டு வந்தா அவர் வந்ததே தெரியாது. பின்பக்கமா வந்து கால் கழுவிட்டுப் படுத்துடுவார். எங்க வீட்டுல பக்கோடா அபூர்வம்.

அம்மாவோட வளையல் ரெண்டு சேட்டுக் கடைக்குப் போச்சு. ஒண்ணு திரும்பி வந்துச்சு. நான் பத்தாவது பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாள், பக்கத்து வீட்டு அக்காகிட்ட அம்மா கடன் வாங்கிக் குடுத்ததை நான் இன்னிவரைக்கும் மறக்கல. அப்பாகிட்ட அதைப் பத்திக் கேட்டதும் இல்ல.

குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல தமிழ்நாட்டுல சட்டம் போட்டாங்க. அது கோர்ட்டுக்குப் போய், 1996-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டம் சார்ந்த சூதாட்டம் இல்ல, திறமை சார்ந்த ஆட்டம்னு. அப்பா அந்தப் பேப்பரை அம்மா முன்னாடி விரிச்சு வெச்சு, "பாத்தியா, சுப்ரீம் கோர்ட்டே திறமைன்னு சொல்லிடுச்சு"ன்னார். அம்மா முருங்கைக்கீரை ஆஞ்சுகிட்டே, "அது அவங்க சொன்னது இருக்கட்டும், உங்களுக்கு அது இருக்குன்னு எந்தக் கோர்ட்டு சொல்லுச்சு?"ன்னு கேட்டாங்க. அப்பா பேப்பரை மடிச்சுட்டார்.

இதுக்கு நடுவுல, எங்க வீட்டு சாமி அலமாரியில முருகன் காலண்டருக்குப் பக்கத்துல ஒரு குதிரைப் படம் இருந்துச்சு. செம்பட்டை நிறம், நெத்தியில வெள்ளை. 1973 ஜூன்ல 'டைம்' பத்திரிகை அட்டையில வந்த படம். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில அட்டையோட வாங்கிட்டு வந்து ஒட்டியிருந்தார். அலமாரி சின்னது. அம்மா சூடம் காட்டினா குதிரைக்கும் சேத்துத்தான் காட்டியாகணும். அதோட பேர்தான் செக்ரடேரியட். "நம்ம கோட்டையில ஒரு செக்ரடேரியட் இருக்கே, அதுல ஒரு ஃபைல்கூட நகராது. இவன் ஓடுவான் பாரு"ன்னு அப்பா சொல்றது எங்களுக்கு மனப்பாடம்.

அம்மா போய் ரெண்டு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம்தான் அப்பா எங்களோட கல்கத்தா வந்தார். லேக் மார்க்கெட் பக்கம் வீடு. வாழையிலை, முருங்கைக்காய், மல்லிப்பூன்னு நம்ம ஊர்ச் சாமான் எல்லாம் நடந்து போற தூரத்துல கிடைக்கும், பேச்சுத்துணைக்குத் தமிழ் ஆளுங்களும் உண்டு. மைதானத்தைத் தாண்டிப் போறப்பல்லாம் விக்டோரியா மெமோரியலைக் காட்டுவோம். அவர் எதிர்ப்பக்கம் ரேஸ் கோர்ஸைப் பாத்துட்டு இருப்பார். "ஒரு நாள் கூட்டிட்டுப் போடா"ன்னு ஒரு தடவை கேட்டார். நான் காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வரேன். சின்னவ எழுந்து போய் அவர் பக்கத்துல தரையில உக்காந்துட்டா. "நாலாவதா வந்தா அப்புறம் எப்படி தாத்தா சாம்பியன்?" அவ்வளவுதான், அவர் ஆரம்பிச்சுட்டார். நான் சட்டை மாத்துற சாக்குல உள்ள நின்னு கேட்டுட்டு இருந்தேன். (அப்பா கதையில பாதி சேர்மானமா இருக்கும்னு நெனச்சு ராத்திரி உக்காந்து தேடிப் பாத்தேன். அத்தனையும் நெசம்.)

செக்ரடேரியட் பொறந்ததே ஒரு தோத்த பந்தயத்துலதான். 1969-ல ஓக்டன் ஃபிப்ஸ்னு ஒரு பெரிய பண்ணைக்காரரும், வர்ஜீனியாவுல அப்பாவோட பண்ணையைப் பாத்துக்கிட்ட பென்னி செனரிங்கற அம்மாவும், பொறந்த குட்டி பொறக்கப்போற குட்டியில யாருக்கு எதுன்னு காசு சுண்டிப் பாத்தாங்க. ஃபிப்ஸ் ஜெயிச்சார். ஜெயிச்சவர் ஒரு பெண் குட்டியை எடுத்துக்கிட்டார். அது கடைசிவரைக்கும் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கல. தோத்த பென்னிக்கு மிஞ்சினது இன்னும் வயித்துல இருந்த குட்டி. 1970 மார்ச் 30-ஆம் தேதி பொறந்துச்சு. பேர் வெக்கறதுக்கே இழுபறி. அனுப்பின பேரெல்லாம் திரும்பி வந்து, கடைசியில பண்ணையோட செக்ரட்டரி அம்மா யோசிச்ச பேருதான் நிலைச்சுது.

1972 ஜூலை 4, முதல் ரேஸ். ஸ்டார்ட்டிங் கேட்டை விட்டு வெளியே வந்த உடனே பக்கத்துக் குதிரை இடிச்சுது. நாலாவது. அப்புறம் ஓட ஆரம்பிச்சான். அந்த வருஷமே, ரெண்டு வயசுக் குட்டிக்கு, அமெரிக்காவோட வருஷத்தின் சிறந்த குதிரைங்கற பட்டம் குடுத்தாங்க.

1973-ல மே மாசம் கென்டக்கி டெர்பி. ஒன்னேகால் மைல். அதை அஞ்சு கால்மைலாப் பிரிச்சுப் பாருங்க: 25.2 செகண்ட், 24, 23.8, 23.4, 23. ஓட ஓடக் களைப்பு வரணும் இல்லையா? இவன் ஒவ்வொரு கால்மைலையும் முந்தினதைவிட வேகமா ஓடியிருக்கான். மொத்தம் 1 நிமிஷம் 59.4 செகண்ட். அந்த ரெக்கார்டை இன்னும் யாரும் தொடல.

"ரெண்டாவதா வந்தது யாரு தாத்தா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "ஷாம்"னார்.

இந்த ஷாம் கதையை நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. டெர்பி அன்னிக்கு ஷாம் கேட்லயே முட்டிக்கிட்டு ரெண்டு பல் ஆடிப்போச்சு. வாயில ரத்தத்தோட ஓடி ரெண்டரை குதிரை நீளத்துல தோத்துச்சு. அன்னிக்கு அது ஓடின வேகத்துக்கு வேற எந்த வருஷமா இருந்தாலும் டெர்பி அதுக்குத்தான். அடுத்து பிரீக்னெஸ், அங்கயும் ரெண்டாவது. ஜூன் 9-ஆம் தேதி பெல்மான்ட், ஒன்னரை மைல். மொத்தமே அஞ்சு குதிரை. செக்ரடேரியட்டும் ஷாமும் ஆரம்பத்துலயே வெறி பிடிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு ஓடுச்சுங்க. பாதி தூரத்துல ஷாம் கழண்டுபோச்சு. செக்ரடேரியட் நிக்கல. ஜாக்கி ரான் டர்காட் சவுக்கை எடுக்கவே இல்ல. முப்பத்தியொரு குதிரை நீளம். 2 நிமிஷம் 24 செகண்ட். இருபத்தஞ்சு வருஷத்துக்கப்புறம் மூணு ரேஸையும் ஒரே வருஷத்துல ஜெயிச்ச குதிரை. ஷாம் கடைசியா வந்துச்சு. அதுக்கப்புறம் அது ரேஸே ஓடல.

லேப்டாப்ல பெல்மான்ட் வீடியோவைப் போட்டேன். எனக்கே ஏன் போட்டேன்னு தெரியல. அப்பா அந்த ஓட்டத்தைப் பாத்ததே இல்லையாம். அம்பது வருஷமா பேசின ரேஸை அன்னிக்குத்தான் முதல்ல பாக்கறார். முடிவு தெரிஞ்ச ரேஸுக்கு நாற்காலி நுனியில உக்காந்து கையைப் பிசைஞ்சார். கடைசித் திருப்பத்துல கேமராவுக்குள்ள ரெண்டாவது குதிரை வரவே மாட்டேங்குது, அவ்வளவு இடைவெளி. சின்னவ எழுந்து நின்னு கத்துறா. அப்பா திரைக்கு ஓரத்துல விரலை வெச்சு, "ஷாம் எங்கடா?"ன்னார்.

"அன்னிக்கு நீங்க அங்க இருந்திருந்தா எது மேல கட்டியிருப்பீங்க?"ன்னு கேட்டேன். ரேஸைப் பத்தி நான் அவர்கிட்ட கேட்ட முதல் கேள்வி அதுதான்னு நினைக்கறேன்.

"ஷாம் மேலதான்."

"ஏன்பா?"

"செக்ரடேரியட் மேல ரெண்டு டாலர் கட்டினா ரெண்டு டாலர் இருபது சென்ட் குடுத்தான். இருபது சென்ட்டுக்கு எவன் ரேஸுக்குப் போவான்?"

அம்மா சொன்னது சரிதான். திறமை கிடையாது :-)

அந்த ரெண்டு டாலர் இருபது சென்ட்டைப் பத்தி ஒரு விஷயம். அன்னிக்கு ஜெயிச்ச டிக்கெட்ல 5,617 டிக்கெட்டை யாரும் காசாக்கவே இல்ல. ஞாபகத்துக்கு வேணும்னு பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அப்பாகிட்டயும் ஒரு கட்டு டிக்கெட் இருக்கு, டிரங்குப் பெட்டியில, அம்மாவோட பட்டுப்புடவைக்கு அடியில. அன்னிக்கு ராத்திரி எடுத்துக் காட்டினார். "இதுல ஜெயிச்சது எது தாத்தா?"ன்னு சின்னவ கேட்டா. "ஜெயிச்சத எவன்டா கண்ணு வெச்சுக்குவான், அது அன்னிக்கே பக்கோடா ஆயிடும்."

மறுநாள் சனிக்கிழமை. என் முறை. தாத்தா குதிரை காட்டிட்டார், நான் என்ன காட்டறது? யூடியூப்ல உஷா உதுப்பைப் போட்டேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பெரிய பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ள ஒரு வங்காள எழுத்து, கல்கத்தாவோட 'க'. "இவங்க நம்ம ஊரா, இந்த ஊரா?"ன்னு சின்னவ கேட்டா. நியாயமான கேள்விதான். எங்களைக் கேட்டாலே பதில் சொல்லத் திணறுவோம்.

உஷா உதுப் 1947 நவம்பர்ல பம்பாய்ல, ஒரு தமிழ்க் குடும்பத்துல பொறந்தவர். அப்பா பம்பாய் போலீஸ்ல பெரிய அதிகாரி. பைகுல்லாவுல ஸ்கூல். அங்கே பாட்டு கிளாஸ்ல இருந்து அவரை வெளியே அனுப்பிட்டாங்க. காரணம், குரல் மத்த பிள்ளைங்க குரலோட சேரல. ஆனா பாட்டு டீச்சருக்கு இந்தப் பிள்ளைகிட்ட ஏதோ இருக்குன்னு தோணி, கையில தாளக்கட்டையும் டிரயாங்கிளும் குடுத்து நிக்க வெச்சாங்களாம்.

இதைச் சொன்னதும் சின்னவ நிமிர்ந்து உக்காந்தா. "அதே மாதிரியா?"

அதே மாதிரிதான்.

முறையா சங்கீதம் படிக்கல. ரேடியோவுல கேட்டுக் கேட்டு வந்த பாட்டு. 1969 வாக்குல மெட்ராஸ் மவுன்ட் ரோட்டுல, சபையர் தியேட்டர் வளாகத்துல இருந்த 'நைன் ஜெம்ஸ்'ங்கற நைட் கிளப்ல மேடையேறினார். அன்னிக்கு கிளப்புல பாடறவங்கன்னா கவுன்தான் போடுவாங்க. இவர் காஞ்சிபுரம் பட்டுல போய் நின்னு, அடித்தொண்டையில இங்கிலீஷ் பாட்டு பாடினார். அங்கிருந்து பம்பாய், அப்புறம் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்ல டிரிங்காஸ். டிரிங்காஸ்ல பாட வந்தவருக்கு இங்கயே ஜானி உதுப் கிடைச்சார், ஊரும் கிடைச்சுது. நம்ம ஆளுங்க பலர் இப்படித்தான், ரெண்டு வருஷத்துக்குன்னு வந்து தலைமுறைக்கும் தங்கிடறது.

அப்பா குறுக்க புகுந்தார். "சபையர்ல படம் பாத்திருக்கேன். கீழ அந்தம்மா பாடுதுன்னு சொல்வாங்க. உள்ள போகக் காசு ஏது."

"ரேஸுக்கு மட்டும் இருந்துச்சா?"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். முழுங்கினது அவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

டெல்லி ஹோட்டல்ல இவர் பாடினதைக் கேட்டு தேவ் ஆனந்த் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) படத்துல பாட வெச்சார். 1978-ல 'ஷாலிமார்', ஆர்.டி. பர்மனோட சா சா சா. அப்புறம் வந்துச்சு பாருங்க டிஸ்கோ காலம். பப்பி லாஹிரி இசையில 'பியாரா துஷ்மன்' (1980), 'அர்மான்' (1981), 'டிஸ்கோ டான்ஸர்' (1982). அந்த வருஷங்கள்ல கல்யாண ஊர்வலமோ காலேஜ் விழாவோ, ஆடணும்னா இந்தக் குரல் வேணும். லதா மங்கேஷ்கரும் ஆஷா போஸ்லேயும் ராஜ்ஜியம் பண்ணின காலத்துல, பொம்பளைக் குரல்னா இப்படித்தான் மெல்லிசா இழையணும்னு எல்லாரும் ஒரு அளவு வெச்சிருந்த காலத்துல, இவர் அந்த அளவுக்குள்ள வர முயற்சிகூடப் பண்ணல. அதனால கதாநாயகிக்குப் பாட அதிகம் கூப்பிடல. கிளப் டான்ஸ், டைட்டில் பாட்டு, அவ்வளவுதான். ஹிந்தி சினிமாவுல இவர் பாடின பாட்டை எண்ணிப் பாத்தா, இவ்வளவு பேர் தெரிஞ்ச ஒருத்தருக்கு இவ்வளவுதானான்னு தோணும்.

ஆனா மேடை இருந்துச்சே! மேடையில யாருக்கும் குரல் குடுக்க வேண்டாம், தன் குரலுக்குத் தானே முகம். அதுதான் அவரை இத்தனை வருஷம் நிக்க வெச்சதுன்னு எனக்குத் தோணும்.

அதுக்கும் இடைஞ்சல் வந்துச்சு. 1980-களில் மேற்கு வங்கத்துல இடது முன்னணி ஆட்சி. ஜதின் சக்கரவர்த்திங்கற அமைச்சர், இவர் பாடறது 'அபசம்ஸ்கிருதி', அதாவது பண்பாட்டுச் சீர்கேடுன்னு சொல்லி, அரசாங்க அரங்குகள்ல பாட விடாம நிறுத்தினார். ஸ்கூல்ல டீச்சர் சொன்னதை இப்போ ஒரு மந்திரி சொல்றார், அவ்வளவுதான் வித்தியாசம். இவர் ஊரை விட்டுப் போகல. ஹைகோர்ட்டுக்குப் போனார். ஜெயிச்சார். இந்த ஊருக்காகவே ஒரு பாட்டும் பாடினார். துர்கா பூஜை சமயத்துல எங்க பாராவுல ஒலிபெருக்கி கட்டினா இன்னிக்கும் அது வந்துடும்.

தமிழ்லயும் தெரியும் உங்களுக்கு. 1975-ல 'மேல்நாட்டு மருமகள்', 1990-ல 'அஞ்சலி'யில இளையராஜா இசையில ஒரு வேகமான பாட்டு. 2010-ல 'மன்மதன் அம்பு'ல மாதவனுக்கு அம்மாவா வந்து அதட்டுவாரே, அவரேதான். தங்கமணிக்கு அது அப்பத்தான் தெரிஞ்சுது. "அந்தம்மாவா இவங்க!"ன்னு கரண்டியோட வந்து உக்காந்துட்டாங்க.

2011-ல பத்மஸ்ரீ. அதே வருஷம் வந்த ஒரு ஹிந்திப் படத்துல ரேகா பரத்வாஜோட சேந்து பாடின பாட்டுக்கு, 2012-ல ஃபிலிம்ஃபேர் விருது, சிறந்த பின்னணிப் பாடகி. அறுபத்திநாலு வயசுல! 2023 கடைசியில, எழுபத்தாறு வயசுல, மைலி சைரஸோட பாட்டை இவர் பாடின வீடியோ ஒண்ணு ஊரெல்லாம் சுத்துச்சு. எங்க ஆபீஸ்ல இருபத்திரண்டு வயசுப் பையன் எனக்கு அனுப்பினான், "யாரு சார் இந்த ஆன்ட்டி, செம"ன்னு. 2024-ல பத்மபூஷண். அதே வருஷம் ஜூலையில ஜானி உதுப் காலமாயிட்டார்.

சின்னவ எல்லாத்தையும் கேட்டுட்டு ரொம்ப நேரம் கணக்குப் போட்டா. "இவங்க அம்பது வருஷத்துக்கு மேல. செக்ரடேரியட் எவ்ளோ வருஷம் தாத்தா?"

"பதினாறு மாசம்."

"மாசமா?"

ஆமா, மாசம். 1972 ஜூலை முதல் 1973 அக்டோபர் வரைக்கும். இருபத்தோரு ரேஸ், பதினாறுல முதல் இடம். 1973 ஜனவரியில பென்னியோட அப்பா செத்துப்போனார். சொத்துக்கு வரி கட்டணும், பணம் வேணும். டெர்பிக்கு முன்னாடியே குதிரையை முப்பத்திரண்டு பங்காப் பிரிச்சு வித்துட்டாங்க. ஒரு பங்கு 1,90,000 டாலர். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அன்னிக்கு டாலர் ஏழு ரூபாய் சொச்சம், கணக்குப் பாத்தா நாலரைக் கோடிக்கு மேல. நிபந்தனை என்னன்னா, அந்த வருஷக் கடைசிக்குள்ள ஓட்டத்தை நிறுத்திட்டு இனவிருத்திக்கு அனுப்பிடணும். அதாவது பெல்மான்ட்ல முப்பத்தியொரு நீளத்துல ஜெயிச்சப்பவே அவனுக்கு ரிட்டயர்மென்ட் தேதி குறிச்சாச்சு. அக்டோபர் 28, டொரான்டோவுல கடைசி ரேஸ். அதையும் ஜெயிச்சான். மூணு வயசு.

"குதிரைகிட்ட கேட்டாங்களா?"

"எதை?"

"நிறுத்திக்கலாமான்னு."

"ஓடலாமான்னும் யாரும் கேக்கல, கண்ணு"ன்னார் அப்பா.

அப்புறம் அவனைச் சுத்தி இருந்தவங்க கதையையும் சொன்னார். ஜாக்கி டர்காட் 1978-ல அதே பெல்மான்ட் மைதானத்துல வேற குதிரையில இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ வராமப் போய் சக்கர நாற்காலிக்கு வந்துட்டார். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி போட்டு, பக்கத்துலயே படுத்துக் கிடந்த எடி ஸ்வெட்ங்கற கறுப்பின லாயக்காரர், கென்டக்கி பண்ணை வரைக்கும் கூடவே போய் விட்டுட்டு வந்தார். 1998-ல செத்தப்ப அவர்கிட்ட பெருசா எதுவும் இல்ல. செக்ரடேரியட் 1989 அக்டோபர் 4-ஆம் தேதி, பத்தொம்பது வயசுல, குளம்பு நோய் முத்தி, ஊசி போட்டு முடிச்சாங்க. பரிசோதனை பண்ணின டாக்டர் இதயத்தைப் பாத்து அசந்துட்டார். சாதாரணமா நாலு கிலோகூட வராது, இது பத்து கிலோ இருக்கும்னு மதிப்புப் போட்டார். எடை போடல. பின்னால 1993-ல ஷாம் செத்தப்ப அதே டாக்டர் அதோட இதயத்தை எடை போட்டே பாத்தார். எட்டு கிலோ.

இந்த எட்டு கிலோவை அப்பா சொன்ன விதம் இருக்கே. பத்தைவிட எட்டுதான் பெருசுங்கற மாதிரி சொன்னார். இங்கிலீஷ் பேப்பர் படிக்கவே தடுமாறுற மனுஷன், இதையெல்லாம் எங்க தேடிப் படிச்சாரோ, யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரோ. எங்க வீட்டுல நாங்க யாரும் காது குடுக்காத கதையை இத்தனை வருஷம் உள்ளயே வெச்சிருந்திருக்கார். அதுக்காக வளையல் திரும்பி வந்துடாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி அவருக்குப் பால் ஆத்திக் குடுக்கும்போது, "அடுத்த மாசம் ரேஸ் நாள் என்னிக்குன்னு பாக்கறேன். இருநூறு ரூபாய்க்கு மேல கட்டக்கூடாது"ன்னு சொன்னேன். "நூறு போதும்"னார்.

ஸ்கூலுக்கு நான் போய்ப் பேசல. சின்னவதான் வேண்டாம்னுட்டா. ஆனுவல் டே அன்னிக்கு நாங்க மூணு பேரும் நாலாவது வரிசையில. கோரஸ்ல நாப்பது பிள்ளைங்க இருக்கும். அவ பின்வரிசையில வலது ஓரம். தலை நிறைய லேக் மார்க்கெட் மல்லிப்பூ. அது அவ பிடிவாதம். பாட்டு ஆரம்பிச்சுது. முதல் ரெண்டு அடி வாய் மட்டும்தான் அசைஞ்சுது. தங்கமணி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

மூணாவது அடியில அடியில இருந்து ஒரு குரல் ஏறுச்சு. கோரஸுக்குள்ள சேரவே இல்ல, தனியாக் கேட்டுச்சு. உண்மையைச் சொல்லணும்னா ஒரு இடத்துல சுருதியும் கொஞ்சம் விலகுச்சு. முன்வரிசைப் பிள்ளை ஒண்ணு திரும்பிப் பாத்துச்சு. ஓரத்துல நின்ன மிஸ் மூஞ்சியை நான் பாக்கல, பாக்கப் பிடிக்கல. இவ நிறுத்தல.

"எத்தனாவது வந்தா?"ன்னு அப்பா கேட்டார்.

"இது போட்டி இல்லப்பா."

"பின்ன எதுக்கு இவ்ளோ பேரு உக்காந்து பாக்கறாங்க?"

திரும்பும்போது டாக்ஸி. மைதானத்துப் பக்கம் வந்ததும் அப்பா கண்ணாடியை இறக்கினார். ரேஸ் கோர்ஸ் இருட்டாக் கிடந்துச்சு, வெள்ளை வேலி மட்டும் தெரிஞ்சுது. "குதிரையெல்லாம் தூங்கியிருக்குமா தாத்தா?" "தூங்கும், நின்னுக்கிட்டே தூங்கும்." அவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அந்தக் கோரஸ் பாட்டை முதல்ல இருந்து ஆரம்பிச்சா, இந்தத் தடவை முதல் அடியையும் சேத்து. டாக்ஸிக்காரர் கையை நீட்டி ரேடியோ சத்தத்தைக் குறைச்சார்.